சட்டைப் பையில் நாற்பது நொடி

எங்க வீட்டுல எந்தப் பாட்டும் முடிஞ்சதில்ல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. பாட்டு ஆரம்பிக்கும், முதல் அடி வரும், ரெண்டாவது அடி வரும், அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து போய் ஸ்பீக்கரை ஒரு விரக்கடை இந்தப் பக்கம் தள்ளுவார். மறுபடி முதல்லேருந்து போடுவார். மறுபடி எழுந்திருப்பார். எங்க பொண்ணு சின்ன வயசுல பாட்டுன்னாலே அவ்வளவுதான் நீளம்னு நினைச்சுக்கிட்டிருந்தா. பக்கத்து வீட்டுல ஒரு பாட்டு கடைசி வரைக்கும் ஓடினதைக் கேட்டுட்டு ஓடி வந்து, "அம்மா, அவங்க வீட்டுப் பாட்டு பெருசா இருக்கும்மா"ன்னு சொன்னா.

மனுஷன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிஞ்சு வந்ததும் கையில இருக்கிற கிரீஸைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டு, ஹால்ல இருக்கிற அந்த ஒத்தை நாற்காலியில உட்காருவார். ரெண்டு ஸ்பீக்கரும் அவரே பலகை அறுத்து, ஒட்டி, மெருகு போட்டுச் செஞ்சது. ஒவ்வொண்ணும் என் இடுப்பு உயரம். ரெண்டும் ஹால் நடுவுல ராஜா மாதிரி நிக்கும், சோபா சுவரோரமா ஒதுங்கிக் கிடக்கும். வர்ற விருந்தாளி ஸ்பீக்கரைச் சுத்திக்கிட்டுப் போய்த்தான் உட்காரணும். தரையில எங்க பார்த்தாலும் ஒட்டுற டேப்பு, எது எங்க நிக்கணும்னு அடையாளம். பெருக்கும்போது கால் பட்டு ஒண்ணு நகர்ந்தாக்கூட, சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள கண்டுபிடிச்சுடுவார். ஃப்ரிட்ஜ் உறுமுதுன்னு பிளக்கைப் பிடுங்கிட்டு, திரும்ப மாட்ட மறந்து, எத்தனை நாள் பால் கெட்டிருக்கு தெரியுமா? அன்னைக்கெல்லாம் நான் பேசின பேச்சை அந்த ஸ்பீக்கரே தாங்கியிருக்காது.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, அது லேசுப்பட்ட காது இல்ல. ஒரு தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் ஏத்துற லிஃப்டைப் பாக்கப் போனார். யாரும் புகார் சொல்லல, மாசா மாசம் பாக்கறதுதான். உள்ள போய் கதவை மூடி, கண்ணையும் மூடிக்கிட்டு நாலு தடவை மேலயும் கீழயும் போய் வந்தார். வெளிய வந்து, "இதை இப்பவே நிறுத்தணும்"னார். இன்ஜினியர் வந்து மீட்டரெல்லாம் வச்சுப் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல, ஓட்டுங்கன்னுட்டார். இவர் சாவியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் படிக்கட்டுல உட்கார்ந்துட்டார். கத்தினாங்க, மிரட்டினாங்க, மனுஷன் அசையல. கடைசியில கழட்டிப் பார்த்தா, உள்ள பேரிங்ல தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். இப்ப அந்த இன்ஜினியரே எந்த லிஃப்டுல சந்தேகம் வந்தாலும், "அவரைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுங்க"ன்னுதான் சொல்றாராம். இதையெல்லாம் அவர் எங்கிட்ட சொல்லல, கூட வேலை செய்யறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனசுல இருக்கிறதை ஒரு வார்த்தை வெளிய விட மாட்டார். என் வயித்தெரிச்சலே அதுதான்.

எங்களைச் சேர்த்து வச்சதும் ஒரு லிஃப்டுதான். நான் சலவைக்கூடத்துல வேலை பாக்கறேன். ஹோட்டல் துணி, ஆஸ்பத்திரித் துணி எல்லாம் மூட்டை மூட்டையா வரும், பதினோரு மெஷின் ஒரே நேரத்துல ஓடும். இப்ப நான் மேற்பார்வை, அப்ப துணி மடிக்கிற பொண்ணு. பாடிக்கிட்டேதான் மடிப்போம். மூட்டை ஏத்துற லிஃப்ட் நின்னு போச்சுன்னு ஒல்லியா ஒருத்தர் வந்தார். ரெண்டு மணி நேர வேலையை ரெண்டு நாள் செஞ்சார். "லிஃப்ட் ஓடிடுச்சு, மெக்கானிக்தான் மாட்டிக்கிட்டாரு"ன்னு கூட இருந்தவளுங்க சிரிச்சாளுங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் மெதுவா எங்கிட்ட வந்து, "மெஷின் சத்தத்துல பாதிதாங்க கேட்டுச்சு, முழுசா எப்பக் கேக்கலாம்?"னார். நாலே மாசத்துல கல்யாணம். பாட்டுக்காகவே ஒருத்தர் என்னைக் கட்டிக்கிட்டார்னு எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

கல்யாணமான புதுசு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், யார்கிட்டயோ இரவல் வாங்கி ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டு வந்தார். முன்னாடி கண்ணாடிக்குள்ள, சத்தத்துக்கு ஏத்த மாதிரி ரெண்டு ஊசி ஆடும். மைக்கை ஒரு குச்சியில கட்டி என் முகத்துக்கு நேரா நிறுத்தினார். அப்ப நாங்க இருந்தது ஒரே ஒரு அறை, பின்னால ஒரு அடுப்படி. மேல இருந்த ஃபேன் மூணு சுத்துக்கு ஒரு தடவை டிக்குங்கும். "பாடு"ன்னார். துணி மடிக்கிற பாட்டைத்தான் பாடினேன். எனக்கு முன்னாடி அங்க வேலை பார்த்தவங்க யாரோ கட்டின பாட்டு அது.

வெள்ளைத் துணி காயுதடி, வெயிலு இன்னும் சாயலடி,
மடிச்சு வச்ச மடிப்புக்குள்ள மனசை யாரு வச்சதடி

இதை ரெண்டு தடவை பாடிட்டு, மூணாவது அடியில குரலை மேல ஏத்தணும். "காத்தடிச்சா"ன்னு ஏத்தினேன். டக்! மெஷினை நிறுத்திட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, குனிஞ்சு எதையோ திருகிக்கிட்டிருந்தார். நான் திறந்த வாய் மூடாம நின்னேன். நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை? வேணாம், நல்லால்லன்னாவது ஒரு வார்த்தை? ம்ஹூம். பேசாம அடுப்படிக்குப் போயிட்டேன்.

அதோட சரி. அப்புறம் ரெண்டு தடவை, "இன்னொரு வாட்டி பாடறியா?"ன்னு கேட்டார். "வேலை இருக்கு"ன்னேன். மூணாவது தடவை கேக்கல. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் கத்துவேன். ஆனா நிஜமா வலிச்சா மட்டும் வாயே திறக்க மாட்டேன். சலவைக்கூடத்துலயும் பாடறதை விட்டேன். பொண்ணைத் தூங்க வைக்கக்கூடக் கதைதான் சொன்னேன். என் குரலை அவரால ஒரு நிமிஷம் பொறுக்க முடியலங்கறது மனசுல முள்ளு மாதிரி தங்கிடுச்சு.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய ஹோட்டல்ல ஆடியோ ஷோ நடக்கும். எங்கெங்கிருந்தோ ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கொண்டு வந்து, ஒரு அறைக்கு ஒரு செட்டுன்னு வச்சுப் பாட்டுப் போடுவாங்க. யாரும் உள்ள போய் உட்கார்ந்து கேக்கலாம். பொண்ணுக்குக் காய்ச்சல்னாலும் யோசிச்சு லீவு எடுக்கிற மனுஷன், இதுக்கு மட்டும் மூணு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துடுவார். கூட எப்பவும் கண்ணாடிக் கடைக்காரர் போவார், இவரோட சிநேகிதர். இந்த வருஷம் அவர் பேரன் பொறந்திருக்கான்னு மகள் வீட்டுக்குப் போயிட்டார். ஒரு டிக்கெட் மிச்சம்.

"நான் வர்றேன்"னேன்.

அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே. "நீ எதுக்கும்மா அங்க... ஒரே சத்தமா இருக்கும்"னார். பதினோரு மெஷினுக்கு நடுவுல நிக்கிறவகிட்ட வந்து சத்தமாம்! என் குரலைப் பாதியில வெட்டின மனுஷன் வேற எந்தக் குரலைக் கேக்க இப்படி வருஷா வருஷம் ஓடறார்னு இந்தத் தடவை தெரிஞ்சுக்கிட்டே ஆகணும்னு எனக்கு ஒரு வெறி. தேய்ச்ச சேலையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

ஹோட்டல்ல எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். லிஃப்டுல ஏறினதும் இவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "நல்லா வச்சிருக்காங்க"ன்னு லிஃப்டுக்கு ஒரு பாராட்டு. கட்டினவளுக்கு இருபத்தாறு வருஷத்துல அந்த ஒரு வரி கிடைக்கலையேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

முதல் அறையில ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் பீரோ உயரம். இருபது பேர் பரீட்சை எழுதற மாதிரி வரிசையா உட்கார்ந்திருந்தாங்க. இவர் உள்ள போனதும் கையைத் தூக்கி ஒரே ஒரு தடவை பளிச்சுன்னு தட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு மானமே போச்சு. "என்னங்க இது, ஆட்டோவா கூப்பிடறீங்க?"ன்னு காதுக்குள்ள கேட்டேன். "அறை எப்படி இருக்குன்னு பார்த்தேன்"னார். தட்டின சத்தம் எப்படித் திரும்பி வருதுன்னு பார்த்தாலே அந்த அறையில எது கேக்கும், எது கேக்காதுன்னு தெரிஞ்சுடுமாம். மேளச் சத்தம் நெஞ்சுல வந்து இடிச்சுது. சுத்தி எல்லாரும் தலையை ஆட்டினாங்க. இவர் ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துட்டு, விக்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்துட்டார்.

"எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

"அந்த அறை அவங்களுக்குப் பத்தல, பாவம்"னார். அதைக்கூடத் தாழ்வாரத்துக்கு வந்து, கதவு மூடினதுக்கு அப்புறம்தான் சொன்னார். உள்ள இருக்கும்போது ஒரு குறை சொல்லக் கூடாதாம். "ரெண்டு நாளா தூங்காம ஒயர் இழுத்திருப்பாங்கம்மா. நாம எதையும் வாங்காம சும்மா கேக்கறோம், நாக்கைச் சும்மா வச்சுக்கணும்ல?"

இப்படியே பதினஞ்சு அறை. எங்க பார்த்தாலும் கட்டிலைக் கழட்டி, மெத்தையைக் குளியலறையில நிமிர்த்தி வச்சிருந்தாங்க. சத்தம் எதிரொலிக்காம இருக்க, படுக்கை விரிப்பைக் கிளிப் போட்டுச் சுவர்ல தொங்க விட்டிருந்தாங்க. எல்லாம் வெள்ளை வெளேர்னு முதல் தர விரிப்பு! யார் தலையிலடா இதெல்லாம் விடியப் போகுதுன்னு என் வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எங்க கூடத்துத் துணியா இருந்திருந்தா அங்கயே ஒரு ரகளை நடந்திருக்கும்.

ஒரு அறை வாசல்ல தாடி வச்ச ஆள் ஒருத்தர் இவரைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஆம்ப்ளிஃபயர் செய்யறவராம். "அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. காலையிலேருந்து லேசா ஒரு உறுமல். எல்லா ஒயரையும் மாத்திப் பார்த்துட்டேன், போக மாட்டேங்குது"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். எனக்கு ஒரு உறுமலும் கேக்கல. இவர் ஸ்பீக்கர்கிட்ட போய் நிக்கல. அறை நடுவுல நின்னு, மெதுவா ஒரு சுத்து சுத்தினார். அப்புறம் கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்துல போய், சுவர்ல இருந்த விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை முழுசா அணைச்சார். அவ்வளவுதான். தாடிக்காரர் ஸ்பீக்கர்ல காதை வச்சுக் கேட்டுட்டு, "போயிடுச்சுண்ணே!"ன்னு இவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். உள்ள இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு, முன் வரிசையில நடு நாற்காலியை இவருக்குக் கொடுத்தாங்க. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினதுக்கு நான் வாய்க்கு வந்தபடி ஏசின மனுஷன்தானா இவர்னு எனக்கே கூச்சமாப் போச்சு. பெருமையாவும் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

ஆனா ஒண்ணைக் கவனிச்சேன். எந்த அறைக்குப் போனாலும் இவர் கை சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அங்கங்க தெரிஞ்சவங்க, "கொண்டு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டா, கண்ணாலயே என்னைக் காட்டி, "அப்புறம், அப்புறம்"னு சமாளிச்சார். "நீ கீழ போய் டீ குடிச்சுட்டு வாயேன்"னு எங்கிட்ட மூணு தடவை சொன்னார். டீயே குடிக்காத என்கிட்ட! சரி, பையில ஏதோ இருக்கு, அது எனக்குத் தெரியக் கூடாதுன்னு புரிஞ்சுடுச்சு. அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டேன், நகரவே இல்ல.

நாலாவது மாடி, தாழ்வாரத்துல கடைசி அறை. ஸ்பீக்கர் செய்யற ஒரு பொண்ணு அங்க இருந்தா. முப்பத்தஞ்சு வயசிருக்கும், விரல் நகமெல்லாம் பசைக் கறை. இவரைப் பார்த்ததும் ஓடிட்டிருந்த பாட்டை அப்படியே நிறுத்திட்டா. "வந்துட்டாருப்பா நாப்பது செகண்ட் அண்ணன்!"னு கத்தினா. "போன வருஷம் நீங்க தலையை ஆட்டாம போனீங்கல்ல? அதுக்காகவே ஆறு மாசம் உட்கார்ந்து மாத்தியிருக்கேன். எடுங்க அந்தக் குரலை."

இவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சார். அந்தப் பொண்ணு என்னைக் கவனிக்கல. உரிமையா இவர் சட்டைப் பையில கையை விட்டு ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகிட்டா.

முதல்ல ஒண்ணுமில்ல, வெறும் அறைச் சத்தம். யாரோ மூச்சு இழுத்தாங்க. அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு குரல். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல, ஒரு பொம்பளை நின்னு பாடற மாதிரியே இருந்துச்சு. எழுந்து போனா கையைப் பிடிச்சுடலாம். இளசான, கொஞ்சம் துடுக்கான குரல். வெக்கப்பட்டுக்கிட்டே பாடறா, ஆனா யாருக்காகவோ பாடறான்னு நல்லாத் தெரியுது. யாருடி இவ? என்னை ஒரு நிமிஷம் பாட விடாத மனுஷன், இவளைப் பையில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் அறை அறையா சுமக்கறாரா? இன்னைக்கு இருக்கு கச்சேரின்னு இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தார், உதடு மட்டும் அந்தப் பாட்டோட அசைஞ்சுது. வார்த்தை எதுவும் என் மண்டையில ஏறவே இல்ல. அவ்வளவு கோபம்.

அப்பத்தான் பாட்டுக்குப் பின்னாடி, ரொம்பத் தூரத்துல, டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் விட்டு மறுபடி டிக். மூணு சுத்துக்கு ஒரு தடவை.

"காத்தடிச்சா..."

டக்.

எம் பாட்டு, எங்க பழைய வீட்டு ஃபேன், எம் மனசுல இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கிற அந்த டக். என் குரல் மட்டும்தான் எனக்கு அடையாளம் தெரியல. நம்ம குரல் வெளியிலேருந்து கேட்டா நமக்கே வேத்தாளு குரல் மாதிரி இருக்குங்கறது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்பீக்கர் பொண்ணு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இவர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. இவர் கண்ணைத் திறந்து, ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார். அவ அப்படியே முகத்தைப் பொத்திக்கிட்டா. அழுகையா சிரிப்பான்னு தெரியல. பின் வரிசையிலேருந்து ஒரு பெரியவர் எங்கிட்ட குனிஞ்சு, "இந்தக் குரல்கிட்ட எந்த ஸ்பீக்கர் பெட்டியும் ஏமாத்த முடியாதும்மா. நாங்கல்லாம் வருஷா வருஷம் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்போம். யாரு பாடினதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறார்"னார்.

"நான்தான்"னேன்.

இவர் எழுந்து வெளிய நடந்துட்டார். நான் விடுவேனா? தாழ்வாரத்துல பிடிச்சேன்.

"ஏங்க பாதியில நிறுத்துனீங்க?"

"இப்பவா? அது அவ்வளவுதாம்மா இருக்கு."

"இப்ப இல்லங்க. அன்னைக்கு!"

அவருக்குப் புரியறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் என்னமோ நேத்து நடந்த மாதிரி சொன்னார். "ஊசி சிவப்புக்குப் போயிடுச்சு. மேல ஏத்தினே பாரு, அந்த இரவல் மெஷின் தாங்கல. அப்படியே விட்டிருந்தா குரல் கிழிஞ்சு பதிவாகியிருக்கும். அளவைக் குறைச்சு வச்சுட்டு முதல்லேருந்து எடுக்கலாம்னு திரும்பினேன், நீ அடுப்படியில இருந்தே."

ஊசியாம்! ஒரு ஊசி ஆடினதுக்காக ஒருத்தி பாட்டையே நிறுத்திட்டு, அவளைத் திரும்பிப் பாக்காம திருகைத் திருகின மனுஷனை என்ன சொல்லித் திட்டறது? வாயில வந்ததெல்லாம் சொன்னேன். தாழ்வாரத்துல போனவங்க ஒதுங்கிப் போனாங்க. "பிடிக்கலன்னு நினைச்சேங்க. இத்தனை வருஷமா பிடிக்கலன்னு நினைச்சே செத்துக்கிட்டிருந்தேன். நம்ம பொண்ணுக்குக்கூடப் பாடலையே!"ன்னேன்.

அவர் சுவர்ல சாய்ஞ்சுட்டார். லிஃப்டைப் பத்திக்கூட நாலு வார்த்தைக்கு மேல பேசாதவர், அன்னைக்குப் பேசினார். "எனக்கு வேற எந்தப் பாட்டும் அவ்வளவு தெரியாதும்மா. இந்தக் குரலைத் தினம் வீட்டுல கேக்கறேன். திட்டினாலும் கேக்கறேன், சிரிச்சாலும் கேக்கறேன். அதனால எந்த ஸ்பீக்கர் பொய் சொன்னாலும் தெரிஞ்சுடும். வீட்டுல நான் எதைத் தள்ளி எதை நகர்த்தினாலும் அந்தக் குரல் மாதிரி வரணும்னுதான். உன்னைக் கேக்காம ஊரெல்லாம் போட்டுக் காட்டறேன்னு தெரிஞ்சா திட்டுவியேன்னுதான் மறைச்சேன். ரெண்டு தடவை கேட்டேன், வேலை இருக்குன்னே. நீ பாடறதையே விட்டுட்டேன்னு எனக்குத் தெரியாது. வேலை அசதின்னு நினைச்சுட்டேன்."

தலைமுடி கனத்து விரிசலைக் கண்டுபிடிக்கிற காது. பொண்டாட்டி இருபத்தாறு வருஷம் பாடாம இருந்ததை அசதின்னு நினைச்சுடுச்சாம். அடிக்கணும் போல இருந்துச்சு. அந்த முகத்தைப் பார்த்தா அடிக்கவும் முடியல. சட்டைப் பைக்கு மேல கையை வச்சுக்கிட்டு, சாமான் தொலைச்ச ஆள் மாதிரி நின்னார்.

கதவைத் திறந்து ஸ்பீக்கர் பொண்ணு எட்டிப் பார்த்தா. உள்ளேருந்து எல்லாத்தையும் கேட்டிருப்பா, அவளுக்கும் காதுதானே பொழப்பு. "அண்ணி, எங்கிட்ட நல்ல மைக் ஒண்ணு இருக்கு. மெஷினும் புதுசு, எவ்வளவு ஏத்தினாலும் தாங்கும். மீதியைப் பாடிடுங்களேன்"னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா.

"போம்மா, சலவைக்கூடத்துல கத்திக் கத்தித் தொண்டை தகரமாயிடுச்சு"ன்னேன். நிஜமாவே பயமா இருந்துச்சு. அந்தச் சின்னப் பொண்ணு குரல் எங்க, இப்ப இருக்கிற என் குரல் எங்க? இன்னொரு தடவை பாதியில நின்னா என்னால தாங்க முடியாது. இவர் கெஞ்சல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்னைக்குச் சலவைக்கூடத்துல கையில ஸ்பேனரோட வந்து, "முழுசா எப்பக் கேக்கலாம்?"னு கேட்டப்போ பார்த்த அதே பார்வை.

"ஒரு கண்டிஷன்"னேன். "ஊசி சிவப்புக்குப் போகட்டும், பச்சைக்குப் போகட்டும், கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகட்டும். கையை வச்சீங்க, நடக்கறதே வேற."

உள்ள இடம் ஒதுக்கினாங்க. மெஷினை இவர்கிட்டயே கொடுத்துட்டா அந்தப் பொண்ணு, "அண்ணனைத் தவிர யாரும் தொடக் கூடாது"ன்னு. இவர் ஹெட்போனை மாட்டி, மைக்கை ஒரு விரக்கடை நகர்த்தி, இன்னும் அரை விரக்கடை நகர்த்தி, என் முறைப்பைப் பார்த்துட்டு உட்கார்ந்தார்.

பாடினேன். முதல் ரெண்டு அடியில குரல் கரகரன்னு உரசுச்சு. யாரையும் பாக்காம, சுவர்ல தொங்கின வெள்ளை விரிப்பையே பார்த்துப் பாடினேன். மூணாவது அடி வந்துச்சு. வர்றது வரட்டும்னு ஏத்தினேன்.

காத்தடிச்சா பறக்குதடி, கையி ரெண்டு போதலடி,
நாலு முனை போர்வைக்கு நாலு கை வேணுமடி

டக் வரல. நான் திரும்பிப் பார்த்தேன். இவர் எப்பவோ ஹெட்போனைக் கழட்டிக் கழுத்துல போட்டுட்டார். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து கேட்டுக்கிட்டிருந்தார். கடைசி அடியை இன்னொரு தடவை, அவரைப் பார்த்தே பாடி முடிச்சேன். எங்க குடும்பத்துல முதல் தடவையா ஒரு பாட்டு முடிஞ்சுது.

கைதட்டி ஓய்ஞ்சதும் ஸ்பீக்கர் பொண்ணு, "போடுங்கண்ணே, கேப்போம்"னா. இவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"பட்டனை அழுத்தலம்மா"ன்னார். "கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா. தாடிக்காரர் எப்ப வந்தாரோ, வாசல்ல நின்னு விழுந்து விழுந்து சிரிச்சார். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவைன்னு எல்லாரும் கெஞ்சினாங்க. நான் சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "வேலை இருக்கு, வாங்க போலாம்"னு இவரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன்.

இன்னைக்கும் இவர் சட்டைப் பையில இருக்கிறது அந்த நாப்பது செகண்டுதான். அறை அறையா அதையே கொண்டு போகட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. மீதி வீட்டுல இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், போர்வை மடிக்கும்போது பாடுவேன். ரெண்டு முனை என் கையில, ரெண்டு முனை அவர் கையில. பாட்டு முடியற வரைக்கும் அவரால எந்த ஸ்பீக்கரையும் தள்ள முடியாது.